நிதானமாக ஓடும் ஒலிப்பதிவும் செவிவழிப் பாடமும்

சாவி கொடுத்து ஓடவிடும் கிராமபோன் பெட்டிகள் வழக்கில் இருந்த நாட்களில், பாட்டின் நடுவே வில்சுருள் தளர்ந்துவிட்டால் என்ன நேரும் என்பதைக் கேட்டவர் அனைவரும் அறிவர். தட்டின் வேகம் மெல்ல மெல்லக் குறையும். பாடகியின் குரல் இறங்கி ஆண்குரலாகும். பின்னர் அதுவும் ஓர் உறுமலாகி அடங்கும். வீட்டுச் சிறுவர்களுக்கு இது வேடிக்கை. சங்கீதம் பயில்வோருக்கோ இதே நிகழ்ச்சியில் வேறொரு பயன் இருந்தது. தட்டு தளர்ந்து சுழலும் அந்தச் சில விநாடிகளில், அதுவரை மின்னலெனப் பறந்து சென்ற ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகக் காதில் விழும். பெட்டியில் வேகத்தைத் திருத்துவதற்கென ஒரு திருகும் இருந்தது. அதனைக் குறைத்து வைத்து, ஒரே வரியை முள்ளை எடுத்து எடுத்து வைத்துக் கேட்டுப் பாடம் செய்யும் வழி இவ்வாறு பிறந்தது.

இன்று அதே காரியம் கைபேசியில் விரலால் ஒருமுறை தொடுவதோடு முடிந்துவிடுகிறது. பாட்டு அரைவேகத்தில் ஓடினாலும் குரல் இறங்குவதில்லை. குரு அருகில் இல்லாத ஊர்களில் உள்ள மாணவர்களுக்கும், பாட்டு வகுப்பு நடத்தவேண்டிய பொறுப்பு வந்துவிட்ட பள்ளி ஆசிரியர்களுக்கும், வெளியூர்ப் பணியில் மக்கள் பாடல்களைப் பதிவு செய்யும் ஊழியர்களுக்கும் இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் இயந்திரத்தின் நிதானம் வேறு, பாடுபவரின் நிதானம் வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல் பாடம் கேட்டவர் ஸ்வரங்களைச் சரியாகப் பெற்றுப் பாட்டைத் தவறாகப் பெறுவார்.

இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு 1902-ஆம் ஆண்டில் தொடங்கியது. கிராமபோன் கம்பெனியின் சார்பில் வந்த பிரெட் கைஸ்பர்க் அவ்வாண்டின் இறுதியில் கல்கத்தாவில் முகாமிட்டுப் பதிவு செய்த கலைஞர்களுள் புகழ்பெற்றவர் கௌஹர் ஜான். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷமே இடம் உண்டு. ஒரு மணி நேரம் விரித்துப் பாடவேண்டிய ராகத்தை அந்த மூன்று நிமிஷத்துக்குள் அடக்கவேண்டி வந்ததால், பழைய ஹிந்துஸ்தானி இசைத்தட்டுகள் பலவற்றில் ஆலாபனை சுருங்கியது; 'தான்' எனப்படும் விரைந்த ஸ்வரக்கோவைகள் நெருங்கி நின்றன. கேட்பவருக்கு வியப்பு, கற்பவருக்குத் திகைப்பு.

அந்தத் திகைப்புக்குக் காரணம் காது அன்று. ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். பாடகியின் ஷட்ஜம் விநாடிக்கு 240 அதிர்வுகள் கொண்டது எனக் கொள்வோம். துரித காலத்தில் அவர் விநாடிக்கு எட்டு ஸ்வரங்கள் பாடினால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கிடைப்பது எட்டில் ஒரு விநாடி. அந்த இடைவெளியில் ஷட்ஜம் 30 முறை அதிர்ந்துவிடுகிறது. ஒலியின் உயரத்தை உணர்வதற்குக் காதுக்கு இவ்வளவு அதிர்வுகள் தாராளமாகப் போதும். ஆகவே ஸ்வரம் கேட்கவே செய்கிறது. அதற்குப் பெயர் வைப்பதும், முன் வந்தது எது, பின் வந்தது எது என்று வரிசையை நினைவில் நிறுத்துவதுமே இயலாமற் போகின்றன. முதல் ஸ்வரத்தை மனம் பற்றுவதற்குள் நான்காவது ஸ்வரம் கடந்துவிடுகிறது. பதிவை அரைவேகத்தில் ஓட்டும்போது ஸ்வரத்துக்குக் கால் விநாடி கிடைக்கிறது. இந்த அவகாசத்தில் பயிற்சி பெற்ற மாணவன் ஸ்வரத்துக்குப் பெயர் சொல்லிவிடுவான். நிதானமாகக் கேட்பதன் பயன் நினைவுக்கு அவகாசம் தருவதில் இருக்கிறது; செவியைக் கூர்மையாக்குவதில் அன்று.

பழைய முறையில் இந்த அவகாசத்துக்கு ஒரு விலை உண்டு. தட்டில் வெட்டப்பட்ட அலை நீளம் மாறாதது. தட்டு பாதி வேகத்தில் சுழன்றால், ஒரு விநாடியில் முள்ளைக் கடக்கும் அலைகளின் எண்ணிக்கையும் பாதியாகும். காலமும் ஸ்ருதியும் ஒரே கயிற்றின் இரு முனைகள். ஒன்றை இழுத்தால் மற்றது உடன் வரும். சரியாகப் பாதி வேகமானால் தொல்லை குறைவு. 240 அதிர்வுடைய ஷட்ஜம் 120-க்கு இறங்கும். அதுவும் ஷட்ஜமே, ஒரு ஸ்தாயி கீழே. தம்புராவை மாற்றவேண்டியதில்லை. மாணவன் தன் ஸ்தாயியிலேயே உடன் பாடலாம்.

பாதியல்லாத வேகங்களில்தான் சங்கடம் தோன்றுகிறது. நிமிஷத்துக்கு 78 முறை சுழலவேண்டிய தட்டை 33⅓ வேகத்தில் வைப்பது பலர் கையாண்ட எளிய உபாயம். ஏனெனில் 1948-இல் நீண்டநேர இசைத்தட்டு வந்த பின்னர் விற்பனைக்கு வந்த சுழல்மேடைகளில் இரு வேகங்களும் இருந்தன. அப்படி வைத்தால் 240 என்ற ஷட்ஜம் ஏறக்குறைய 103-க்கு இறங்கும். அது பாடகியின் ஸ்ருதியில் இரண்டு ஸ்தாயி கீழே உள்ள சுத்த தைவதத்துக்கும் கோமள நிஷாதத்துக்கும் நடுவே, தைவதத்தை ஒட்டி நிற்கும் ஓர் இடம். பக்கத்தில் ஒலிக்கும் தம்புராவுடன் அது எவ்விதத்திலும் இசையாது. தம்புராவைப் புதிய ஷட்ஜத்துக்குச் சேர்த்துக்கொண்டே பாடம் கேட்கவேண்டும். இல்லையேல் ஸ்வரங்களின் பெயர் அனைத்தும் பிழையாகும். நான்கு வேகம் கொண்ட சுழல்மேடைகளில் 16⅔ என்ற வேகமும் இருந்தது. 33⅓ வேகத் தட்டை அதில் வைத்தால் மிகச் சரியாகப் பாதி. ஒலிநாடாக் கருவியிலும் விநாடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் பதிந்ததை 9.5 வேகத்தில் ஓட்டினால் அதே பயன் கிட்டும். நாடாக் கருவி பரவிய பின்னர் இந்தச் சரிபாதி முறையே வசதியாக அமைந்தது.

குரல் இறங்கும்போது வேறு சிலவும் கெடும். உயிரெழுத்துக்களை ஒன்றினின்று ஒன்று பிரித்துக் காட்டுவது தொண்டையும் வாயும் சேர்ந்த குழாயின் ஒத்ததிர்வுகள். வேகம் பாதியானால் அவையும் பாதியாக இறங்குவதால் சொற்களின் உருவம் மாறிவிடும். ஒரு பெரும் பூதம் பேசுவது போலிருக்கும். தம்புராவின் மந்தர ஷட்ஜம் 70 அதிர்வு அளவில் இருந்தால் அது 35-க்கு இறங்கிச் சிறிய ஒலிபெருக்கியில் கேட்காமலே போகும். சாகித்தியத்தை இயல்பான வேகத்திலும் ஸ்வரங்களைக் குறைந்த வேகத்திலும் பிரித்துப் பயில்வதே அக்காலத்துக்கு ஏற்ற வழி.

காலத்தையும் ஸ்ருதியையும் கட்டிய அந்தக் கயிற்றை அறுக்க முடியுமா என்ற வினாவுக்கு விடை தேடியவர்களுள் முதல்வரிசையில் வைக்கத்தக்கவர் டென்னிஸ் கேபர். முப்பரிமாண ஒளிப்படவியலுக்காக 1971-இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே. 1946-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், திரைப்படச் சுருளில் பதிந்த ஒலியைச் சுழலும் பிளவுகளின் வழியே படித்து, சிறு சிறு துண்டுகளாக்கி மீண்டும் கோக்கும் ஒரு கருவியை விவரித்தார். 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேர்பேங்க்ஸும் அவருடைய தோழர்களும் காந்த நாடாவுக்கும் சுழலும் தலைகளுக்கும் பொருத்தி இதனை நடைமுறைக்குக் கொணர்ந்தனர். அவர்கள் கருதியது பேச்சை, சங்கீதத்தை அன்று. 1966-இல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் பிளானகன், கோல்டன் இருவரும் ஒலியை அதன் அதிர்வெண் கூறுகளாகப் பகுத்து மீண்டும் கட்டும் கணித முறை ஒன்றை வகுத்தனர். 1985-இல் ரூகோஸ், வில்கஸ் இருவரும் வகுத்த 'ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக் கூட்டும்' முறை கணக்கில் எளிது. இன்றைய கைபேசிகளிலும் கணினிகளிலும் வேகம் குறைக்கும் வசதிகள் இவ்விரு வழிகளின் வாரிசுகளே.

பொருத்திக் கூட்டும் முறையின் தத்துவம் கடினமானதன்று. பதிவு செய்த ஒலியை ஒரு விநாடியின் நூற்றில் சில பங்கு நீளமுள்ள துண்டுகளாக வெட்டுவதாகக் கொள்க. ஒவ்வொரு துண்டும் தன் இயல்பான வேகத்திலேயே ஒலிக்கிறது. ஆகவே ஸ்ருதி மாறுவதில்லை. ஆனால் ஒரு துண்டு முடிந்ததும் அடுத்த துண்டைச் சற்றுப் பின்னிருந்தே எடுத்துத் தொடுப்பதால், ஒலியின் சில பகுதிகள் இருமுறை வருகின்றன, பாட்டு நீள்கிறது. தையற்காரர் துணியின் பூ வேலைப்பாடு ஒத்துவரும் இடம் பார்த்து மூட்டுப் போடுவதுபோல, அலையின் மேடுபள்ளங்கள் ஒத்துவரும் இடம் பார்த்துக் கணினி துண்டுகளை இணைக்கிறது. நீண்டு நிற்கும் குரலிலும் சாரங்கியின் ஓசையிலும் இம்மூட்டு தெரியாது. தபலாவில் தெரிந்துவிடும். விரல் தோலில் படும் கணம் மிகக் குறுகியது. அது இரு துண்டுகளிலும் அகப்பட்டால் ஒரு தட்டு இரு தட்டாகத் திக்கிக் கேட்கும். அதிர்வெண் கூறுகளாகப் பகுக்கும் முறையிலோ அதே தட்டு கரைந்து, குகைக்குள் ஒலிப்பதுபோல மழுங்கும். ஆகவே இவ்விதம் நிதானப்படுத்திய பதிவிலிருந்து தாளவாத்தியப் பாடம் கேட்பவர், தாம் கேட்கும் இரட்டைத் தட்டு வாத்தியக்காரர் கொட்டியதா, கணினி சேர்த்ததா என்று இயல்பான வேகத்தில் சரிபார்த்துக்கொள்ளவேண்டும். அரைவேகத்துக்கும் கீழே சென்றால் இக்குற்றங்கள் மிகுமேயன்றி நன்மை அதிகம் இல்லை. முக்கால் வேகமே பெரும்பாலான பாடங்களுக்குப் போதுமானது.

கணினியின் இக்குறைகள் நாளடைவில் குறையக்கூடும். அவை முழுதும் நீங்கிய பின்னும் நிற்கும் குறை ஒன்று உண்டு. அது நிதானம் என்னும் சொல்லின் பொருளைச் சார்ந்தது.

ஆசான் ஒருவர் மாணவனுக்காக ஒரு ஸ்வரக்கோவையை நிதானப்படுத்திப் பாடுகிறார். அப்போது அவர் எல்லாவற்றையும் சமமாக நீட்டுவதில்லை. நிற்கவேண்டிய ஸ்வரத்தில் நிற்கிறார். தொட்டுச் செல்லவேண்டியதைத் தொட்டே செல்கிறார். ஹிந்துஸ்தானி மரபில் 'கண்' எனப்படும் தொடுஸ்வரம், அவர் எவ்வளவு மெதுவாகப் பாடினாலும் தொடுஸ்வரமாகவே இருக்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் 'மீண்ட்' மட்டும் விரும்பியபடி நீளும். எது எலும்பு, எது தசை என்பதை ஆசானின் நிதானம் சொல்லாமலே சொல்லிவிடுகிறது. இயந்திரத்துக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. அது நிற்கும் ஸ்வரத்தையும் தொடும் ஸ்வரத்தையும், மூச்சையும், இருமலையும் ஒரே விகிதத்தில் நீட்டுகிறது.

இதன் விளைவைக் கணக்கிலும் காட்டலாம். தொடுஸ்வரம் ஒன்று இருபதில் ஒரு விநாடி ஒலிப்பதாகக் கொள்வோம். கால்வேகத்தில் அது ஐந்தில் ஒரு விநாடியாகிறது. முன் சொன்ன துரிதக் கோவையில் முழு ஸ்வரத்துக்கே எட்டில் ஒரு விநாடிதான் இருந்தது. ஆகவே கால்வேகத்தில் கேட்பவர் காதில், தொடுஸ்வரம் மூலத்தின் முழு ஸ்வரத்தைக் காட்டிலும் நெடியதாக விழுகிறது. அவர் அதனையும் முழு ஸ்வரமாக எழுதிக்கொள்வார், எழுதியதைப் பாடுவார். ஒரு ஸ்வரமும் தவறில்லை. ஆயினும் ராகம் அங்கு இராது.

அசைவுகளிலும் இதே நிலைதான். தர்பாரி கானடாவில் கோமள காந்தாரம் நிலையாக நிற்பதில்லை, மெல்ல ஊசலாடும். பைரவ ராகத்தின் ரிஷபமும் தைவதமும் அவ்வாறே. கர்நாடக மரபில் தோடியின் காந்தாரத்தை அறிந்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. விநாடிக்கு நான்கு முறை அசையும் கமகம் அரைவேகத்தில் விநாடிக்கு இருமுறையே அசைகிறது. முன்பு ஒரே ஸ்வரத்தின் நடுக்கமாகக் கேட்டது இப்போது இரண்டு ஸ்வரங்கள் மாறி மாறி வருவதாகக் கேட்கிறது. புதிதாகக் கற்பவர் அதனை இரு ஸ்வரங்களாகவே கொள்வார். ஆனால் இதே அரைவேகம் தேர்ந்த மாணவனுக்கு அரிய பொருள் ஒன்றைக் காட்டுகிறது. அசைவு எந்த ஸ்வரத்தின் எல்லைவரை சென்று திரும்புகிறது, மேலே நிற்கும் நேரம் அதிகமா, கீழே நிற்கும் நேரம் அதிகமா என்பதை அவன் அறிந்துகொள்கிறான். ராகத்தை ஏற்கெனவே ஒருவாறு அறிந்தவருக்கே நிதானப் பதிவு பயன்படும் என்பது இதிலிருந்து பெறப்படும். அறியாதவருக்கு அது சொற்பொருள் தெரியாதவன் கையில் உள்ள எழுத்துக்கூட்டலைப் போன்றது.

இசைத்தட்டைக் கேட்டுச் சங்கீதத்துள் புகுந்த பெரியோர் வரலாறும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. 1922-இல் பிறந்த பீம்சேன் ஜோஷி, சிறுவனாக இருந்தபோது அப்துல் கரீம் கானின் இசைத்தட்டைக் கேட்டு மனத்தைப் பறிகொடுத்தார். 1933-இல் குருவைத் தேடி வீட்டை விட்டே புறப்பட்டார். பின்னர் அவர் அமர்ந்தது அதே அப்துல் கரீம் கானின் சீடரான சவாய் கந்தர்வரின் காலடியில். 1924-இல் பிறந்த குமார கந்தர்வர், பேர்பெற்ற வித்வான்களின் தட்டுகளை இளம் பிராயத்திலேயே அப்படியே பாடிக் காட்டி அவையோரைப் பிரமிக்க வைத்தவர். அவரும் பம்பாயில் பி. ஆர். தேவதரிடம் மாணவராகச் சேர்ந்து பயின்றார். தட்டில் இருந்ததை முழுதும் பெற்றுவிட்ட அப்பிள்ளைக்கும், அது ஏன் அவ்வாறு பாடப்பட்டது என்பதைச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

குரு கிடைக்காத இடத்தில் ஆசிரியர் என்ன செய்வது? வகுப்பறையில் பின்வரும் ஒழுங்கு பயன் தரும். முதலில் பாட்டு முழுவதையும் இயல்பான வேகத்தில் பல நாள் கேட்கச் செய்யவேண்டும். பாடத் தொடங்கும் முன்னரே பிள்ளைகளின் கால் அதன் நடைக்குத் தாளம் போடவேண்டும். பின்னர் ஷட்ஜத்தைக் கண்டுபிடித்துத் தம்புராவையோ ஹார்மோனியத்தையோ அதற்குச் சேர்க்கவேண்டும். அதன்பின் பிடிபடாத வரியை மட்டும், முழுப் பாட்டையும் அன்று, முக்கால் வேகத்துக்கோ அரைவேகத்துக்கோ குறைத்துக் கேட்கலாம். ஸ்வரவரிசை தெளிந்தவுடனே வேகத்தை மூலத்துக்கு மீட்டுவிட வேண்டும். அரைவேகப் பதிவோடு சேர்ந்து பாடிப் பழகுவதை நீடிக்க விடலாகாது. நாவும் மூச்சும் அந்த நடைக்கே பழகிவிடும். பிறகு அதனை மாற்றுவது புதிதாகக் கற்பதைக் காட்டிலும் கடினம்.

அதிகம் பேர் கையாளாத ஓர் உத்தியும் உண்டு. மாணவன் அந்த வரியை மூல வேகத்தில் பாடப் பதிவு செய்துகொண்டு, அவனுடைய பதிவையும் அரைவேகத்தில் ஓட்டி, வித்வானின் பதிவை அதே வேகத்தில் ஓட்டி, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்வது. இருவரையும் ஒரே விகிதத்தில் நீட்டுவதால் இயந்திரத்தின் குற்றம் இருபுறமும் சமமாகிறது. எஞ்சி நிற்கும் வேறுபாடு மாணவனுடையது. எங்கே தொடுஸ்வரத்தில் கூடுதலாக நின்றான், எங்கே ஸ்வரத்தை விழுங்கினான் என்பதை ஆசிரியர் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. அவனே கேட்டுவிடுவான். இதற்கு வேண்டியது ஒரு கைபேசி மட்டுமே.

சாஸ்திரீய சங்கீதத்திலாவது ஒரு ராகத்துக்குப் பல வித்வான்களின் பதிவுகள் உள்ளன. ஒன்றில் கொண்ட பிழையை மற்றொன்று திருத்தும். கிராமங்களிலும் மலைப்பகுதிகளிலும் பாடப்படும் பாட்டுக்களின் நிலை வேறு. நெல் குற்றும் பாட்டின் வேகம் உலக்கையின் வேகம். நடவுப் பாட்டின் வேகம் நாற்று நடும் கையின் வேகம். உலக்கை போய் அரவை ஆலை வந்துவிட்ட ஊரில், பாட்டை அறிந்தவள் ஒரு மூதாட்டி மட்டும் எனக் கொள்வோம். அவள் பாடியதை ஊழியர் ஒருவர் பதிவு செய்து பள்ளிக்குக் கொடுக்கிறார். ஆசிரியர் அதனை நிதானமாக ஓட்டிக் கற்றுக்கொண்டு, அதே நிதானத்தில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார். மூதாட்டிக்குப் பின்னர் அந்த ஊரில் அப்பாட்டு அந்த நடையிலேயே நிலைத்துவிடும். அது வேறு பாட்டு என்று சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

ஆகவே பதிவு செய்யும் ஊழியரின் பொறுப்பு ஆசிரியரின் பொறுப்புக்கு முற்பட்டது. பாடுபவரின் இசைவைப் பெற்றுக்கொண்ட பின், பாட்டை இருமுறை பதிவு செய்வது சாலச் சிறந்தது: ஒருமுறை அவர் வழக்கமாகப் பாடும் விதத்தில், கூடுமானால் அந்த வேலையைச் செய்துகொண்டே, மறுமுறை தம் பேரப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல. இரண்டாவது பதிவு எந்த இயந்திரமும் தரமுடியாத பொருள். அதில் நிதானம் பாடுபவருடையது. எந்த ஸ்வரத்தை நீட்டலாம், எதனைத் தொட்டு விடவேண்டும் என்பது அதில் பதிந்திருக்கும். பத்து நிமிஷம் கூடுதலாகச் செலவிட்டால் கிடைக்கும் இப்பதிவைப் பெரும்பாலோர் எடுப்பதே இல்லை.

பதிவின் உண்மையான வேகத்தைப் பிற்காலத்தார் அறியச் செய்வதும் ஊழியரின் கடமை. 1900-இல் நிறுவப்பெற்ற பெர்லின் ஒலிப்பதிவுக் காப்பகத்தார் மெழுகு உருளைகளில் பதிவு செய்யும்போது, பாட்டுக்கு முன் விநாடிக்கு 435 அதிர்வுள்ள ஸ்ருதிக்குழல் ஒன்றை ஊதிப் பதிவு செய்யும் வழக்கத்தைக் கொண்டிருந்தனர். உருளையை மீண்டும் ஓட்டும்போது அக்குழலின் ஒலி 435 அதிர்வாகும்வரை வேகத்தைத் திருத்தினால், பாட்டும் தன் ஸ்ருதிக்கும் காலத்துக்கும் வந்துவிடும். நூறாண்டு கடந்தும் இதனினும் எளிய வழி காணப்படவில்லை. இன்றைய ஊழியரும் ஓர் இசைக்கவையையோ ஸ்ருதிப்பெட்டியையோ தொடக்கத்தில் சில விநாடிகள் ஒலிக்கச் செய்து, அது எது என்பதை வாயாலும் சொல்லிவைக்கலாம்.

எண்முறைப் பதிவில் வேகம் மாறாது என்று நினைப்பது முழு உண்மையன்று. விநாடிக்கு 48,000 மாதிரிகள் எடுத்துப் பதிந்த ஒலியை 44,100 எனத் தவறாகக் குறித்து ஓட்டினால் அது எட்டு சதவீதம் மெதுவாகும். ஒரு ஸ்தாயியின் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களுள் அடுத்தடுத்த இரண்டுக்கு இடையிலான வேறுபாடு ஏறக்குறைய ஆறு சதவீதமே. எனவே பாட்டு ஏறத்தாழ ஒன்றரை ஸ்தானம் இறங்கிவிடும். கேட்பவருக்கு ஐயமே எழாது. பழைய கேசட் பதிவுகளில் தொல்லை மின்கலத்தால் வந்தது. பதிவின்போது மின்கலம் வலுவிழந்திருந்தால் நாடா மெதுவாக நகரும். பின்னர் நல்ல கருவியில் ஓட்டும்போது பாட்டு விரைவாகவும் உயர்ந்த ஸ்ருதியிலும் ஒலிக்கும். பாடியவர் இளையவர் என்று எண்ணத் தோன்றும். மின்சார இணைப்பில் ஓடிய கருவியால் பதிந்ததாயின் ஒரு சான்று அதனுள்ளேயே மறைந்திருக்கக்கூடும். நம் நாட்டு மின்னோட்டத்தின் 50 அதிர்வு இரைச்சல் பல பதிவுகளில் மெலிதாகக் கேட்கும். அது 53 எனக் காணப்பட்டால் பதிவு ஆறு சதவீதம் விரைந்து ஓடுகிறது என ஊகிக்கலாம். மின்வழங்கலின் அதிர்வெண்ணும் முற்காலத்தில் கூடிக் குறைந்து வந்ததால், இதனை அண்ணளவான சான்றாகவே கொள்ளவேண்டும்.

1920-களின் பிற்பகுதிக்கு முற்பட்ட இசைத்தட்டுகளில் 78 என்ற வேகமே நிலைபெறவில்லை. 74 வேகத்தில் வெட்டிய தட்டை 78-இல் ஓட்டினால் பாடகரின் ஷட்ஜம் ஏறக்குறைய ஒரு ஸ்வரஸ்தானம் ஏறிவிடும். துரிதமும் அந்த அளவுக்கு மிகும். பழைய வித்வான்களின் வேகத்தைக் கண்டு வியப்பவர்கள் இதனையும் நினைவில் கொள்வது நல்லது. இந்திய மொழிகளின் அளவாய்வுக்காக 1913 முதல் 1929 வரை அரசாங்கம் எடுப்பித்த கிராமபோன் பதிவுகளும் இக்காலத்தவையே. கதைகளும் பாட்டுக்களும் கொண்ட அத்தட்டுகள் இன்று இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து பாட்டுக் கற்பிக்க முற்படும் ஆசிரியர், பேச்சுப் பகுதியை முதலில் கேட்டு, அது இயல்பான மனிதக் குரலாக ஒலிக்கிறதா என்று பார்த்துக்கொள்வது தக்கது.

நெதர்லாந்து நாட்டு இசையறிஞர் ஆர்னால்ட் பேக் 1938-இல் கர்நாடகம், கேரளம், தமிழகம் ஆகிய பகுதிகளில் பயணம் செய்து பாட்டுக்களையும் கூத்துக்களையும் பதிவு செய்தார். 1984-இல் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அப்பதிவுகளின் படிகளை எடுத்துக்கொண்டு அதே இடங்களுக்குச் சென்று, எவை நிலைத்தன, எவை மாறின, எவை மறைந்தன என்று ஆராய்ந்தனர். இவ்வகை ஒப்பீட்டில் ஒரு பாட்டு இன்று மெதுவாகப் பாடப்படுகிறது என்று கூறவேண்டுமாயின், பழைய பதிவு ஓடும் வேகம் பிழையற்றது என்பது முதலில் உறுதியாக வேண்டும். ஜைராஸ்பாய் முன்னின்று 1982-இல் தோற்றுவித்த இனவிசையியல் காப்பகமும் ஆராய்ச்சி மையமும் இன்று குருகிராமில் இயங்குகிறது. அயல்நாட்டுக் காப்பகங்களில் தங்கிவிட்ட இந்தியப் பதிவுகளின் படிகளைத் தாயகத்துக்குக் கொணர்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. இத்தகைய காப்பகங்களிலிருந்து பாட்டின் படியைக் கேட்டு எழுதும் ஆசிரியர், பதிவு எடுத்த கருவி எது, படி எடுத்தபோது வேகம் எவ்வாறு சரிபார்க்கப்பட்டது என்ற குறிப்பையும் அதே கடிதத்தில் கேட்டுப் பெறவேண்டும்.